மாஸ்டரிலிருந்து மெயினுக்கு: கிட் டிஃபால்ட் பிராஞ்சின் பெயரை மாற்ற முழுமையான வழிகாட்டி

திருவனந்தபுரம் என்ற பெயர் அதிகாரப்பூர்வமாக வந்தது 1991-இல். இன்றைக்கும் ரயில் முன்பதிவில் சென்ட்ரல் ஸ்டேஷனின் கோடு டி.வி.சி.தான். டிரிவாண்ட்ரம் என்ற பழைய பெயரின் எழுத்துகள் அதிலேயே தங்கிவிட்டன. நிரல் மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் மென்பொருளில் ஒரு பிராஞ்சின் (நிரலின் ஒரு கிளையின்) பெயரை மாற்றும்போதும் இதுதான் நடக்கிறது. மாற்றும் கட்டளை ஒரு நொடியில் ஓடி முடிந்துவிடும். பழைய பெயரை எழுதிவைத்திருக்கும் சிஐ ஃபைல் (சோதனைகளைத் தானாக ஓட்டுவது), கிரான் வேலை (குறித்த நேரத்தில் தானாக ஓடுவது), டெப்ளாய் ஸ்கிரிப்ட் (நிரலை சர்வரில் ஏற்றுவது), யாரோ ஒருவருடைய லேப்டாப் ஆகிய எல்லாவற்றையும் தேடித் திருத்துவதற்குத்தான் நேரம் பிடிக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் கட்டளைகளைவிட அந்தத் தேடலுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

விளக்க வசதிக்கு ஒரு குழுவை எடுத்துக்கொள்வோம். நான்கு பேர் மார்த்தாண்டத்தில், மூன்று பேர் கழக்கூட்டம் டெக்னோபார்க்கில். ரப்பர் வியாபாரிகளுக்கான கணக்கு மென்பொருள் ஒன்று அவர்கள் கையில் இருக்கிறது: ஷீட் எடை, கிரேடு, அன்றைய விலை, பாக்கி. அதன் நிரல் இருக்கும் கிட் களஞ்சியமான ரெப்போவின் பெயர் ஷீட்கணக்கு. அதன் டிஃபால்ட் பிராஞ்ச், அதாவது ரெப்போவைத் திறந்ததும் முதலில் கிடைக்கும் பிராஞ்ச், மாஸ்டர். அதை மெயின் ஆக்க வேண்டும்.

கட்டளைகளை வாயால் சொல்வதுபோலத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடங்களில் தனியாகச் சொல்கிறோம்.

கொஞ்சம் பின்னணி

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் கிட்டை எழுதியதிலிருந்து முதல் பிராஞ்சின் பெயர் மாஸ்டர்தான். எஜமான், அடிமை என்ற சொல்ஜோடியை நினைவூட்டுகிறது என்பதால் 2020-இல் பல திட்டங்கள் அதைக் கைவிட்டன. அந்த ஆண்டு ஜூலையில் வந்த கிட் 2.28-இல், தொடக்கப் பிராஞ்சின் பெயரை நாமே அமைத்துக்கொள்ளும் வசதி சேர்ந்தது. 2020 அக்டோபர் 1 முதல், ரெப்போக்களை இணையத்தில் வைக்கும் தளமான கிட்ஹப்பில் புதிதாகத் தொடங்கும் ரெப்போக்கள் மெயின் என்ற பெயருடன் பிறக்கின்றன. அதே வகைத் தளமான கிட்லேப் 2021 ஜூனில், 14.0 பதிப்பில் அதே வழிக்கு வந்தது. கிட் 3.0-இல் மெயினே இயல்பான பெயராகும் என்று கிட் திட்டமும் அறிவித்துவிட்டது. ஆக, பழைய ரெப்போ ஒரு பெயரிலும் புதிய ரெப்போ வேறு பெயரிலும் இருக்கும் குழப்பம் எப்படியும் உங்களைத் தேடி வரும். நீங்களே நாள் குறித்து முடித்துவிடுவது நல்லது.

எந்தப் பெயர்?

மெயின் போதும். எல்லாத் தளங்களும் அதை எதிர்பார்க்கின்றன. புதிதாகச் சேர்கிறவருக்கு விளக்கம் தேவைப்படாது. கிட்டுக்கு முன்பிருந்த சப்வெர்ஷனில் பழகியவர்கள் ட்ரங்க் என்று வைப்பார்கள், அதிலும் தவறில்லை. எதுவானாலும் முழுக்கச் சிறிய எழுத்தில் ஒரே சொல்லாக இருக்கட்டும். விண்டோஸிலும் மேக்கிலும் ஃபைல் பெயர்களுக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பொதுவாகக் கிடையாது. முதல் எழுத்தைப் பெரிதாக்கி ஒருவர் வைத்த மெயினும் சிறிய எழுத்து மெயினும் அங்கே ஒன்றோடொன்று மோதும்.

தமிழிலேயே பெயர் வைக்கலாமா என்ற ஆசை நியாயமானது. கிட் தடுக்காது. ஆனால் ஒரு ஆபத்தைப் பாருங்கள். ‘மொத்தம்’ என்ற சொல்லில் உள்ள ஒகரக் குறியை ஒரே யூனிகோட் குறியாகவும் சேமிக்கலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. கிட் பைட்டுகளை ஒப்பிடுவதால் அவை இரண்டு வேறு பிராஞ்சுகள். உங்கள் விசைப்பலகை ஒன்றைத் தரும், பக்கத்து மேசையிலுள்ளது மற்றொன்றைத் தரும். மலையாளத்தின் சில்லெழுத்துகளிலும் இதே சிக்கல் உண்டு: 2008-இல் யூனிகோட் 5.1 அவற்றுக்குத் தனிக் குறிகள் கொடுத்தது, அதற்கு முந்தைய முறையில் எழுதிய உரையும் இன்னும் புழங்குகிறது. இரண்டு மொழியும் கலந்த குழுவில் பிராஞ்ச் பெயர் ஆங்கில எழுத்திலேயே இருக்கட்டும். ஒவ்வொரு மாற்றத்தையும் சேமிக்கும்போது எழுதும் கமிட் குறிப்பைத் தாராளமாகத் தமிழில் எழுதுங்கள், அங்கே இந்தத் தொல்லை இல்லை.

பெயரை முடிவு செய்ததும் அது காலியாக இருக்கிறதா என்று பாருங்கள்:

கிட் பிராஞ்ச் -ஏ
கிட் டேக்

மெயின் என்ற டேக் (ஒரு கமிட்டுக்கு இட்ட அடையாளப் பெயர்) ஏற்கெனவே இருந்தால், அந்தப் பெயர் இரண்டு பொருள் தருகிறது என்ற எச்சரிக்கை ஒவ்வொரு முறையும் வரும். இதைவிடப் பலரும் கவனிக்காதது: மெயின்/விலை-திருத்தம் என்பதுபோல ‘மெயின்’ என்று தொடங்கிச் சாய்கோடு உள்ள பிராஞ்ச் ஒன்று இருந்தால், மெயின் என்ற பிராஞ்சை உருவாக்கவே முடியாது. கிட் அதை ஒரு ஃபோல்டராகப் பார்க்கிறது. அதே பெயரில் ஃபைலும் இருக்க இயலாது என்பதால் ரெஃபை (பிராஞ்சின் பெயர்ப் பதிவை) பூட்ட முடியவில்லை என்று நின்றுவிடும். அந்தப் பிராஞ்சுக்கு முதலில் வேறு பெயர் கொடுங்கள்.

பழைய பெயர் எங்கெல்லாம் இருக்கிறது

எதையும் மாற்றுவதற்கு முன் இந்தப் பட்டியலை எடுத்துவிடுங்கள். பாதி நாள் ஆனாலும் பரவாயில்லை. ரெப்போவின் வேர் ஃபோல்டரில்:

கிட் கிரெப் -என் -டபிள்யூ மாஸ்டர்

-என் வரி எண்ணைக் காட்டும். -டபிள்யூ முழுச் சொல்லை மட்டும் தேடும். இதை விட்டுவிடாதீர்கள். கணக்கு மென்பொருளில் மாஸ்டர் என்ற சொல் பிராஞ்சுக்கு மட்டும் சொந்தமில்லை. கிரேடு_மாஸ்டர், பார்ட்டி_மாஸ்டர், ஐட்டம்_மாஸ்டர் என்று டேட்டாபேஸ் டேபிள்கள் வரிசையாக நிற்கும். அடிக்கோட்டையும் சொல்லின் பகுதியாகவே கிரெப் கணக்கிடுவதால் -டபிள்யூ போட்டால் இவை தேடலில் சிக்காது. ஐட்டம்-மாஸ்டர் என்று நடுவில் ஹைஃபன் இருந்தால் சிக்கும். எனவே வந்த வரிகளை ஒவ்வொன்றாகக் கண்ணால் படியுங்கள். தேடி மாற்றும் ஏதேனும் கட்டளையால் ஒரே மூச்சில் மாற்றினால், கிரேடு_மெயின் என்ற இல்லாத டேபிளை நிரல் தேடும். மறுநாள் காலை ஷீட்டைத் தராசில் வைத்த பிறகு, பில் போட முடியாமல் வியாபாரி நிற்பார்.

இந்தத் தேடலில் முக்கியமாக எதிர்பார்க்க வேண்டியவை: சிஐ ஃபைல்கள்; ஜென்கின்ஸ் என்ற சிஐ கருவியின் ஜென்கின்ஸ்ஃபைல்; ரீட்மீயில் உள்ள பேட்ஜ் இணைப்புகள்; சப்மாட்யூல் விவர ஃபைலில் பிராஞ்ச் என்று தொடங்கும் வரி; சார்பு நூலகங்களைப் புதுப்பிக்கும் டிபெண்டபாட் அமைப்பில் இலக்குப் பிராஞ்ச். பிஎச்பி திட்டமென்றால் கம்போஸரில் ‘டெவ்-மாஸ்டர்’ என்று எழுதியிருக்கும். அது ‘டெவ்-மெயின்’ ஆக வேண்டும். அதை எழுதியிருப்பது உங்கள் ரெப்போ இல்லை, உங்களைச் சார்ந்திருக்கும் வேறொரு ரெப்போ. பிப், என்பிஎம் பட்டியல்களில் கிட் முகவரியின் வாலில் மாஸ்டர் என்று ஒட்டியிருப்பதும் அப்படித்தான். ஆகவே இந்தத் தேடலை உங்கள் எல்லா ரெப்போக்களிலும் ஓட்டுங்கள்.

கிரெப்பால் எட்ட முடியாதவை தனி. சர்வரில் கிரான்டேப், டெப்ளாய் ஸ்கிரிப்ட், பேக்கப் ஸ்கிரிப்ட், கிட் ஹூக்குகள் (கிட் நிகழ்வுகளின்போது தானாக ஓடும் ஸ்கிரிப்டுகள்). ஹோஸ்டிங் தளத்தின் அமைப்புப் பக்கத்தில் ‘புரொடக்‌ஷன் பிராஞ்ச்’ என்ற கட்டம். ஒவ்வொருவர் கணினியிலும் ஷெல்லில் வைத்திருக்கும் சுருக்கப் பெயர்கள். ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: இடம், யார் மாற்றுவார், மாற்றியாயிற்றா.

புதிய ரெப்போக்களுக்கு

இது எளிது, முதலில் முடித்துவிடுங்கள்:

கிட் கன்ஃபிக் --குளோபல் இனிட்.டிஃபால்ட்பிராஞ்ச் மெயின்

ஆவணங்களில் பிராஞ்ச் என்பதன் முதல் எழுத்து பெரிதாக இருக்கும். இந்த இடத்தில் கிட் அதைப் பொருட்படுத்தாது, எல்லாமே சிறிய எழுத்தாக இருந்தாலும் சரி. ஒரே ஒரு ரெப்போவுக்கு மட்டும் வேண்டுமென்றால் ‘கிட் இனிட் -பி மெயின்’.

இரண்டுக்கும் கிட் 2.28 வேண்டும். ‘கிட் --வெர்ஷன்’ போட்டுப் பாருங்கள். உபுண்டு 20.04-உடன் வந்தது 2.25.1. அதில் மேலே சொன்ன அமைப்பு பிழையே இல்லாமல் சேமிக்கப்படும், ஆனால் பயன் இருக்காது. புதிய ரெப்போ மறுபடி மாஸ்டராகவே பிறக்கும். அமைத்தோமே, ஏன் மாறவில்லை என்று குழம்புவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். அந்தக் கணினியில், ‘கிட் இனிட்’ முடிந்து முதல் கமிட் போடுவதற்கு முன்,

கிட் சிம்பாலிக்-ரெஃப் ஹெட் ரெஃப்ஸ்/ஹெட்ஸ்/மெயின்

என்று ஓட்டுங்கள். தனியாக நிற்கும் ஹெட் (நடப்புப் பிராஞ்சைக் காட்டும் குறி) முழுக்கப் பெரிய எழுத்து. பாதையில் வரும் ஹெட்ஸ் சிறிய எழுத்து.

இருக்கும் ரெப்போக்களை இந்த அமைப்பு தொடாது. பழைய ரெப்போவுக்குள் போய் ‘கிட் இனிட் -பி மெயின்’ போட்டால், அந்தப் பெயரைப் புறக்கணித்தேன் என்ற எச்சரிக்கை மட்டுமே வரும்.

நாள் குறிப்பது

குழு முழுவதும் வேலையில் இருக்கும் நாளின் மதிய நேரம் சரி. ஓணம், பொங்கல் வாரங்களில் செய்யாதீர்கள். ஆள் குறைவாக இருக்கும்போது செய்தால் தொந்தரவு இருக்காது என்று தோன்றும். விடுமுறைக்குப் போனவர் திரும்பி வந்து, பழைய நினைவில் மாஸ்டரைப் புஷ் செய்வார் (சர்வருக்கு அனுப்புவார்), அதுதான் வினை. குழுவுக்கு இப்படி ஒரு செய்தி போதும்:

“இன்று மூன்று மணிக்கு ஷீட்கணக்கு ரெப்போவில் மாஸ்டர் பிராஞ்ச், மெயின் என்று மாறுகிறது. 2.45-க்குள் கையில் உள்ளதைப் புஷ் செய்துவிடுங்கள். 3 முதல் 3.30 வரை யாரும் புஷ் செய்ய வேண்டாம். முடிந்ததும் நான்கு கட்டளைகள் அனுப்புவோம். ஓட்டிவிட்டு ‘ஆச்சு’ என்று பதில் போடுங்கள்.”

பதில் வராதவர் பெயரைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

பெயரை மாற்றுவதற்கு முன், மாஸ்டரில் கடைசியாக ஒரு கமிட்: சிஐ ஃபைலில் மாஸ்டர் என்று இருக்கும் இடத்தில் மாஸ்டர், மெயின் இரண்டையும் எழுதிவிடுங்கள். இதைச் செய்தால் மாற்றிய முதல் நிமிடத்திலிருந்தே சிஐ ஓடும். வரிசை தவறினால், மெயினில் போகும் முதல் சில கமிட்டுகள் சோதனையே இல்லாமல் போய்விடும்.

கிட்ஹப்பில்

ரெப்போவின் செட்டிங்ஸில் டிஃபால்ட் பிராஞ்ச் என்ற பகுதியில் இரண்டு படக்குறிகள் இருக்கும். பென்சில், பெயரை மாற்றும். எதிரெதிர் அம்புகள், டிஃபால்ட்டாக வேறொரு பிராஞ்சைத் தேர்ந்தெடுக்கும். பென்சிலை அழுத்துங்கள். டிஃபால்ட் பிராஞ்சின் பெயரை மாற்ற அட்மின் உரிமை வேண்டும்.

டெர்மினலிலிருந்து மெயினைப் புஷ் செய்து, அம்புக்குறியால் டிஃபால்ட்டை மாற்றி, மாஸ்டரை அழிக்கும் வழியைப் பலர் சொல்வார்கள். கிட்ஹப்பில் அது வேண்டாம். மாஸ்டரை அழித்த கணமே அதை நோக்கித் திறந்திருந்த புல் ரிக்வெஸ்டுகள் (மாற்றத்தைச் சேர்க்கக் கோரும் வேண்டுகோள்கள்) மூடப்பட்டுவிடும். பென்சில் வழியில் அவை தாமாக மெயினுக்குத் திரும்பும், ஃபோர்க்கிலிருந்து (பிறர் எடுத்த நகலிலிருந்து) வந்தவையும் சேர்த்து. பிராஞ்ச் பாதுகாப்பு விதிகளும் கூடவே வரும். பழைய இணைய முகவரிகள் புதிய இடத்துக்குத் திசைதிருப்பப்படும்.

மூன்று விஷயங்களுக்கு இந்தத் திசைதிருப்பல் கிடையாது. ஃபைலை நேரடியாகத் தரும் ‘ரா’ முகவரிகள். பழைய பெயருக்குச் செய்யும் கிட் புஷ். உங்கள் ரெப்போவை ஒரு ஆக்‌ஷனாக மற்றவர்கள் @மாஸ்டர் என்று பயன்படுத்தியிருந்தால் அது. வியாபாரிகளின் கணினியில் ஓடும் நிறுவல் ஸ்கிரிப்ட் ‘ரா’ முகவரியிலிருந்து ஃபைலை இழுக்கிறது என்றால், அதை மாற்றாமல் பென்சிலைத் தொடாதீர்கள்.

இன்னொன்று: மாஸ்டரிலிருந்து வேறொரு பிராஞ்சுக்குப் போகும் புல் ரிக்வெஸ்ட் திறந்திருந்தால், பெயர் மாறும்போது அது மூடப்படும். அப்படி இருந்தால் முன்னதாகவே மெர்ஜ் செய்து முடித்துவிடுங்கள்.

கிட்லேப், சொந்த சர்வர்

இங்கே கைவேலை அதிகம். உங்கள் கணினியில் மாஸ்டருக்கு வந்து, புல் செய்து, பிறகு:

கிட் பிராஞ்ச் -எம் மாஸ்டர் மெயின்
கிட் புஷ் -யு ஆரிஜின் மெயின்

-எம் சிறிய எழுத்தாகவே இருக்கட்டும். பெரிய எம் போட்டால், மெயின் என்ற பெயரில் ஏற்கெனவே ஒரு பிராஞ்ச் இருந்தாலும் கேட்காமல் அதன்மேல் எழுதிவிடும். சிறிய எம் அப்படிச் செய்யாமல் மறுத்து நிற்கும், நமக்கு அதுதான் வேண்டும். ஆரிஜின் என்பது சர்வரிலுள்ள ரெப்போவுக்கு கிட் வைக்கும் பெயர். புஷ்ஷின்போது கமிட்டுகள் எதுவும் மறுபடி ஏறாது. அவை சர்வரில் ஏற்கெனவே இருக்கின்றன, புதிய பெயர் மட்டும் போகிறது. மழைக்காலத்தில் நெட் விட்டுவிட்டு வந்தாலும் இந்தப் படி பயப்படும்படியானது இல்லை.

கிட்லேப்பில் செட்டிங்ஸ், ரெப்போசிட்டரி, பிராஞ்ச் டிஃபால்ட்ஸ் என்று போய் மெயினைத் தேர்ந்தெடுங்கள். அடுத்துப் பாதுகாக்கப்பட்ட பிராஞ்சுகள் பட்டியலில் மெயினைச் சேருங்கள். மாஸ்டருக்கு இருந்த அதே உரிமைகளைக் கொடுங்கள். திறந்திருக்கும் ஒவ்வொரு மெர்ஜ் ரிக்வெஸ்டிலும் இலக்குப் பிராஞ்சைத் திருத்துங்கள். இவ்வளவும் முடிந்த பிறகே மாஸ்டரின் பாதுகாப்பை எடுத்துவிட்டு அழிக்கலாம். பாதுகாப்பு இருக்கும்வரை டெர்மினலிலிருந்து அழிக்க விடாது.

எஸ்எஸ்எச் வழியாக நீங்களே நடத்தும் சர்வர் என்றால், அதற்குள் நுழைந்து ரெப்போ ஃபோல்டரில்:

கிட் சிம்பாலிக்-ரெஃப் ஹெட் ரெஃப்ஸ்/ஹெட்ஸ்/மெயின்

இதைச் செய்யாமல் மாஸ்டரை அழிக்கப் புஷ் செய்தால், நடப்புப் பிராஞ்சை அழிக்க மாட்டேன் என்று சர்வர் மறுக்கும். மறுப்பை மீறி சர்வருக்குள் போய் ரெஃப் ஃபைலைக் கையால் நீக்காதீர்கள். பிறகு க்ளோன் செய்கிறவருக்கு (ரெப்போவை நகலெடுக்கிறவருக்கு), ரிமோட்டின் ஹெட் இல்லாத ரெஃபைக் காட்டுகிறது என்ற எச்சரிக்கையோடு காலி ஃபோல்டர்தான் கிடைக்கும். மேலே உள்ள கட்டளையே அதற்கும் மருந்து.

சொந்த சர்வரில் ஒரு நல்ல வசதி உண்டு. மாஸ்டரை உடனே ஒழிக்க முடியாத நிலை என்றால், அந்தப் பிராஞ்சை நீக்கிய பிறகு அதே பெயரை மெயினுக்கு மறுபெயராக வைக்கலாம்:

கிட் சிம்பாலிக்-ரெஃப் ரெஃப்ஸ்/ஹெட்ஸ்/மாஸ்டர் ரெஃப்ஸ்/ஹெட்ஸ்/மெயின்

பழைய ஸ்கிரிப்டுகள் மாஸ்டர் என்று கேட்டாலும் மெயின்தான் கிடைக்கும். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-இல் சென்னை மாநிலத்தோடு சேர்ந்த பிறகும், மலையாளத்தில் எழுதிய பழைய பத்திரங்கள் செல்லுபடியாகிக்கொண்டுதான் இருந்தன. அதுபோன்ற ஏற்பாடு இது. எடுக்கும்போது மட்டும் கவனம்: சர்வரில் ‘கிட் சிம்பாலிக்-ரெஃப் --டிலீட் ரெஃப்ஸ்/ஹெட்ஸ்/மாஸ்டர்’ என்றே எடுங்கள். அப்டேட்-ரெஃப் கட்டளையின் -டி கொண்டு அழித்தால், அது மறுபெயரைத் தாண்டிப் போய் மெயினையே அழித்துவிடும்.

ஒவ்வொருவர் கணினியிலும்

நான்கு கட்டளைகள், இதே வரிசையில்:

கிட் பிராஞ்ச் -எம் மாஸ்டர் மெயின்
கிட் ஃபெட்ச் --ப்ரூன் ஆரிஜின்
கிட் பிராஞ்ச் -யு ஆரிஜின்/மெயின் மெயின்
கிட் ரிமோட் செட்-ஹெட் ஆரிஜின் -ஏ

முதல் கட்டளை உங்கள் கணினியில் மட்டும் பெயரை மாற்றுகிறது. அதோடு நிறுத்தினால் உங்கள் மெயின் இன்னும் ஆரிஜின்/மாஸ்டரைத்தான் பின்தொடரும். வெறும் ‘கிட் புஷ்’ போட்டால், மேல்நிலைப் பிராஞ்சின் பெயரும் உங்கள் பிராஞ்சின் பெயரும் பொருந்தவில்லை என்று நின்றுவிடும். அந்தப் பிழைச் செய்தி இரண்டு வழிகளைக் காட்டும். அவற்றில் ஒன்று பழைய பெயருக்கே புஷ் செய்யும் வழி. அவசரத்தில் அதை நகலெடுத்து ஒட்டுகிறவரால்தான் செத்துப்போன மாஸ்டர் சர்வரில் மறுபடி முளைக்கிறது. மூன்றாவது கட்டளை இதைத் தடுக்கிறது.

இரண்டாவது கட்டளையின் ப்ரூன், சர்வரில் இல்லாத பெயர்களை உங்கள் கணினியிலிருந்தும் துடைக்கிறது. அப்போது ஆரிஜின்/ஹெட் அந்தரத்தில் தொங்குகிறது என்று ஒரு வரி வரலாம், பதற வேண்டாம். நான்காவது கட்டளை அதைச் சரிசெய்துவிடும்.

உங்கள் தனி வேலைப் பிராஞ்சுகளை எதுவும் செய்ய வேண்டியதில்லை. இனி ரீபேஸ் செய்யும்போது மாஸ்டர் என்பதற்குப் பதில் மெயின், அவ்வளவுதான்.

நெட் மெதுவான இடத்தில் இருப்பவர்கள் ‘--டெப்த் 1’ போட்டு க்ளோன் செய்திருப்பார்கள். அவர்களுக்கு இரண்டாவது கட்டளையிலேயே, ரெஃப்ஸ்/ஹெட்ஸ்/மாஸ்டர் ரிமோட்டில் இல்லை என்று பிழை வரும். அப்படிச் செய்த க்ளோன் ஒரே பிராஞ்சை மட்டும் அறியும். அந்தப் பெயர் கன்ஃபிகில் அப்படியே பதிந்திருக்கும். முதலில் ‘கிட் ரிமோட் செட்-பிராஞ்சஸ் ஆரிஜின் மெயின்’ ஓட்டிவிட்டு, பிறகு இரண்டாவதிலிருந்து தொடரச் சொல்லுங்கள்.

சத்தமில்லாமல் உடைபவை

பிழை காட்டி நிற்பவை நல்ல பிள்ளைகள். ஜென்கின்ஸ் வேலையில் பிராஞ்ச் கட்டத்தில் மாஸ்டர் என்று இருந்தால், கட்டுவதற்கு எந்த ரிவிஷனும் கிடைக்கவில்லை என்று சிவப்பாகக் காட்டும். கிரானில் ‘கிட் புல் ஆரிஜின் மாஸ்டர்’ இருந்தால், அந்த ரெஃப் இல்லை என்று சத்தம் போடும். நாமும் போய்ச் சரிசெய்துவிடுவோம்.

பயப்பட வேண்டியது இந்த டெப்ளாய் ஸ்கிரிப்டைப் பார்த்துத்தான்:

கிட் ஃபெட்ச் ஆரிஜின்
கிட் ரீசெட் --ஹார்ட் ஆரிஜின்/மாஸ்டர்

பிறகு செயலியை மறுபடி தொடங்கும் ஒரு வரி. பெயர் மாறிய பிறகு இதை ஓட்டினால் என்ன ஆகும்? ஃபெட்ச் வெற்றி: மெயின் இறங்கிவிட்டது. ரீசெட்டும் வெற்றி: ப்ரூன் போடாததால், ஆரிஜின்/மாஸ்டர் என்ற பழைய நினைவு சர்வரின் டிஸ்கில் அப்படியே இருக்கிறது, பெயர் மாறிய நாளில் நின்ற கமிட்டில். செயலி மறுபடி தொடங்குவதும் வெற்றி. லாக் முழுக்கப் பச்சை. வியாபாரி பார்க்கும் திரையில் போன வாரத்து நிரல் ஓடிக்கொண்டிருக்கிறது. கிரேடு நான்கின் விலைக் கணக்கைத் திருத்தி மெர்ஜ் செய்தவர், திருத்தம் ஏன் வேலை செய்யவில்லை என்று தன் நிரலிலேயே பிழை தேடிக்கொண்டிருப்பார்.

தீர்வு: ஃபெட்ச்சில் --ப்ரூன் சேருங்கள், மாஸ்டரை மெயின் ஆக்குங்கள், ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் ‘செட் -இ’ எழுதுங்கள். மூன்றும் வேண்டும். ப்ரூன் இருந்தால் அடுத்த முறை பெயர் மாறும்போது பழைய ரெஃப் மறைந்து ரீசெட் தோற்கும். செட் -இ இருந்தால் தோற்ற இடத்திலேயே ஸ்கிரிப்ட் நிற்கும்.

சிஐயும் இந்த வகைதான். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் ‘மாஸ்டருக்குப் புஷ் வந்தால் ஓடு’ என்று எழுதியிருந்தால், மெயினுக்கு வரும் புஷ்ஷைப் பார்த்து அது தோற்காது, ஓடவே ஓடாது. சிவப்புக் குறி கிடையாது, மின்னஞ்சல் கிடையாது. ஓடாத சோதனையை யாரும் கவனிப்பதில்லை. முன்கூட்டியே இரண்டு பெயரையும் எழுதச் சொன்னதற்கு இதுதான் காரணம்.

பெயரையே எழுதாமல் இருக்க முடிந்த இடங்களில் எழுதாதீர்கள். கிட்லேப் சிஐயில் டிஃபால்ட் பிராஞ்சைத் தரும் மாறி ஒன்று உண்டு: சிஐ_டிஃபால்ட்_பிராஞ்ச், முழுக்கப் பெரிய எழுத்து, முன்னால் டாலர் குறி. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் நிகழ்வு விவரத்திலிருந்து டிஃபால்ட் பிராஞ்சைப் பெறலாம். ஆனால் அது ‘இஃப்’ நிபந்தனையில்தான் வேலை செய்யும். எந்தப் பிராஞ்சுக்கு ஓட வேண்டும் என்ற தொடக்க வடிகட்டியில் பெயரை நேராக எழுதியே ஆக வேண்டும். ஷெல் ஸ்கிரிப்டில் சர்வரையே கேட்டுவிடலாம்:

கிட் எல்எஸ்-ரிமோட் --சிம்ரெஃப் ஆரிஜின் ஹெட்

ஹெட் பெரிய எழுத்து. வரும் முதல் வரியில் டிஃபால்ட் பிராஞ்சின் பெயர் இருக்கும்.

பழைய பெயர் திரும்ப முளைக்காமல்

எழுவரில் ஒருவர் ‘ஆச்சு’ சொல்லாமல் விட்டாலே மாஸ்டர் திரும்ப வரக்கூடும். வந்தால் இரண்டு பிராஞ்சுகள், இரண்டிலும் வெவ்வேறு கமிட்டுகள். கிட்ஹப்பில் ரூல்செட் ஒன்றை உருவாக்கி, இலக்காக மாஸ்டர் என்ற பெயரைக் கொடுத்து, உருவாக்கத்தைத் தடுக்கும் விதியை இயக்குங்கள். சொந்த சர்வரில் அப்டேட் ஹூக் போதும். அதற்கு முதலாவதாக வருவது ரெஃபின் முழுப் பெயர். அது ரெஃப்ஸ்/ஹெட்ஸ்/மாஸ்டர் என்றால், “பிராஞ்சின் பெயர் மெயின் என்று மாறிவிட்டது, நான்கு கட்டளைகளை ஓட்டுங்கள்” என்று அச்சிட்டு, பூஜ்யம் அல்லாத எண்ணோடு வெளியேறச் செய்யுங்கள். அந்த வாக்கியம் புஷ் செய்தவரின் டெர்மினலிலேயே தோன்றும். மறுபெயர் வைத்திருக்கும் காலத்தில் இந்த ஹூக்கைப் போடாதீர்கள், இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்.

ஏற்கெனவே முளைத்துவிட்டதா? ‘கிட் லாக் ஆரிஜின்/மெயின்..ஆரிஜின்/மாஸ்டர்’ என்று போடுங்கள். மெயினில் இல்லாமல் மாஸ்டரில் மட்டும் இருக்கும் கமிட்டுகள் வரும். அவற்றை மெயினுக்குச் செர்ரி-பிக் செய்துவிட்டு (தனித்தனியாக நகலெடுத்துவிட்டு) மாஸ்டரை அழியுங்கள். பட்டியல் காலியாக இருந்தால் நேராக அழிக்கலாம்.

சரிபார்ப்பு

புதிய ஃபோல்டரில் ஒரு புத்தம்புதிய க்ளோன் எடுங்கள். ‘கிட் ஸ்டேட்டஸ்’ மெயின் என்று காட்ட வேண்டும். ரீட்மீயில் ஒரு எழுத்தைத் திருத்தி மெயினுக்குப் புஷ் செய்து, சிஐ ஓடத் தொடங்குகிறதா என்று கண்ணால் பாருங்கள். அடுத்து சர்வரில் டெப்ளாயை ஓட்டி, ‘கிட் ரெவ்-பார்ஸ் ஹெட்’ தரும் கமிட் எண்ணும் உங்கள் கணினியில் வரும் எண்ணும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். பச்சை லாக்கை நம்பாமல் இந்த எண்ணை நம்புங்கள்.

எங்காவது பெரிதாகச் சிக்கினால் பெயரைத் திரும்ப மாஸ்டர் ஆக்கிவிடலாம். பெயர் மாற்றத்தால் எந்தக் கமிட்டும் மாறுவதில்லை, எந்தக் கமிட்டின் எண்ணும் மாறுவதில்லை. இதே படிகளைத் திருப்பிப் போட்டால் போதும். உருவாக்கத் தடை விதி போட்டிருந்தால் அதை முதலில் நீக்க வேண்டும்.

ஒரு மாதம் கழித்து மறுபடி கிரெப் ஓட்டுங்கள். சிஐ ஃபைலில் தற்காலிகமாக எழுதிய மாஸ்டரை அப்போது நீக்கிவிடலாம். மாதம் ஒருமுறை மட்டும் ஓடும் பேக்கப் வேலையின் லாக்கையும் அன்றே திறந்து பாருங்கள், பெயர் மாறிய பிறகு அது ஓடியிருக்கும் முதல் முறை அதுவாகத்தான் இருக்கும்.